‘பாடு’ என்று தேடினால் ‘சாப்பாடு’, ‘போடு’, ‘பீடி’ எல்லாம் வருவது ஏன்? எஸ்க்யூஎல்லைட்டிலும் போஸ்ட்கிரெஸிலும் தமிழ் முழு உரைத் தேடல்

கும்மிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர் சேர்ந்து தென் மாவட்டக் கிராமங்களில் ஒலிப்பதிவு செய்த நாட்டுப்புறப் பாடல்களை எழுத்தாக்கி ஓர் எஸ்க்யூஎல்லைட் (ஒரே கோப்பாக இருக்கும் தரவுத்தளம்) கோப்பில் சேமித்து வருகிறோம். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, கும்மி என எல்லா வகையும் அதில் உண்டு. பாடல்களுக்கு ஓர் அட்டவணை, பாடியவர்களுக்கு ஒன்று, ஊர்களுக்கு ஒன்று என்று பிரித்துவைத்து, பாடல் வரிகளை மட்டும் எஃப்டிஎஸ்5 என்னும் முழு உரைத் தேடல் அட்டவணையிலும் ஏற்றியிருக்கிறேன். ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துச் சோதித்தபோது சரியாகவே இருந்தது.

தமிழில்தான் சிக்கல். ‘பாடு’ என்று தேடினால் அந்தச் சொல் உள்ள பாடல்களோடு ‘போடு’, ‘பீடி’, ‘கூப்பிடு’, ‘சாப்பாடு’ ஆகியவை உள்ள பாடல்களும் வந்து குவிகின்றன. ‘சாப்பாடு’ வருவதையாவது, உள்ளே ‘பாடு’ இருக்கிறது என்று சமாதானம் செய்துகொள்ளலாம். பீடி எப்படி வருகிறது என்பது எனக்கு விளங்கவேயில்லை. கோப்பு கெட்டுவிட்டதோ என்று இன்டெக்ஸை (தேடலுக்காகத் தரவுத்தளம் வைத்திருக்கும் சொற்பட்டியலை) அழித்து மீண்டும் கட்டிப் பார்த்தும் அதே விளைவுதான்.

இரண்டாவது கேள்வியும் இருக்கிறது. இப்போது நால்வரும் ஒரே கோப்பைப் பகிர்வு அடைவில் வைத்துத் தட்டச்சு செய்கிறோம். அவ்வப்போது ‘தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது’ என்ற பிழை வருகிறது. போஸ்ட்கிரெஸ் என்னும் சேவகத் (சர்வர்) தரவுத்தளத்துக்கு மாறிவிட்டால் இரண்டு சிக்கலும் ஒருசேரத் தீருமா?

---

புள்ளிமயங்கி

கோப்பு கெடவில்லை. எஃப்டிஎஸ்5 தனக்குச் சொன்னபடியே நடந்துகொள்கிறது. எது சொல், எது சொல்லின் எல்லை என்று அதற்குச் சொன்னதில்தான் பிழை.

உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதிக்கு டோக்கனைசர் என்று பெயர். எஃப்டிஎஸ்5-இல் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ‘யூனிகோட்61’ என்ற டோக்கனைசர் இயங்கும். யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை தந்திருக்கிறது. எழுத்து, எண், தனிப்பயன் குறி ஆகிய மூன்று வகைகளை மட்டுமே இந்த டோக்கனைசர் சொல்லின் பகுதியாகக் கொள்ளும். மற்ற அனைத்தும் அதற்கு இடைவெளிக்குச் சமம். தமிழில் ‘ப’ எழுத்து வகையைச் சேர்ந்தது. ஆனால் கால், கொம்பு, விசிறி, புள்ளி ஆகியவை ‘ஒட்டுக்குறி’ வகையைச் சேர்ந்தவை. ஆகவே ‘பாடு’ என்பது ‘ப’, ‘ட’ என்று இரண்டு துண்டுகளாக உடைகிறது. ‘போடு’, ‘பீடி’ ஆகியவையும் அதே இரண்டு துண்டுகளாகத்தான் உடைகின்றன. ‘சாப்பாடு’ என்பது ச, ப, ப, ட என்றும், ‘கூப்பிடு’ என்பது க, ப, ப, ட என்றும் ஆகின்றன. இரண்டிலும் கடைசியில் ‘ப’வும் ‘ட’வும் அடுத்தடுத்து நிற்கின்றன. நீங்கள் கொடுத்த தேடுசொல்லும் அவ்வாறே உடைந்து, ‘ப-வுக்கு அடுத்து ட வரும் தொடர்’ என்ற வினவலாக மாறிவிடுகிறது. எனவே வந்த விடைகள் எல்லாமே அதன் கணக்கில் சரியான விடைகள்.

தீர்வு எளிது. எஸ்க்யூஎல்லைட் 3.25 முதல் இந்த டோக்கனைசருக்கு ‘கேட்டகரீஸ்’ என்ற அமைப்பு உண்டு. முன்னிருப்பாக உள்ள மூன்று வகைகளோடு ‘எம்என்’, ‘எம்சி’ என்ற இரண்டு ஒட்டுக்குறி வகைகளையும் சேர்த்து அட்டவணையைப் புதிதாக உருவாக்குங்கள். இரண்டையும் சேர்க்க வேண்டும். தமிழின் கால், கொம்பு முதலிய பெரும்பாலானவை எம்சி வகையில் இருக்க, ஈகாரக் குறியும் புள்ளியும் மட்டும் எம்என் வகையில் இருக்கின்றன. எம்என் வகையை விட்டுவிட்டால் ‘பாடு’ சரியாகிவிடும்; ‘பீடி’ உடைந்தே கிடக்கும். இருக்கும் அட்டவணையில் இந்த அமைப்பை மாற்ற இயலாது என்பதால் நீக்கிவிட்டுத்தான் மீண்டும் கட்ட வேண்டும்.

---

பழையகணினி

சில ஆயிரம் பாடல்களுக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு? ‘லைக்’ வினவலில் சொல்லின் இருபுறமும் விழுக்காட்டுக் குறி போட்டுத் தேடினால் போதாதா? நான் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

---

புள்ளிமயங்கி

அந்த அளவுக்குப் போதும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. சொல்லின் முன்னால் விழுக்காட்டுக் குறி வந்தால் வழக்கமான பி-மர இன்டெக்ஸ் பயன்படாது; தரவுத்தளம் ஒவ்வொரு நிரையையும் படித்துப் பார்க்கும். சில ஆயிரம் நிரைகளுக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ‘லைக்’குக்குச் சொல் என்றால் என்னவென்று தெரியாது. ‘கல’ என்று கொடுத்தால் கலப்பை, கல், கலியாணம், மங்கலம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். ‘இந்த இரண்டு சொற்களும் உள்ள, ஆனால் மூன்றாவது சொல் இல்லாத பாடல்’ என்று கேட்பதும், பொருத்தமானதை முதலில் காட்டச் சொல்வதும் அதில் பெரும்பாடு. கும்மிக்காரன் கேட்பது அந்த வகைத் தேடல் என்று நினைக்கிறேன்.

---

கும்மிக்காரன்

ஆம், அதுதான் வேண்டும். ‘அத்தை’, ‘மல்லிகை’ இரண்டும் வரும் தாலாட்டுகளைக் காட்டு என்றுதான் எங்கள் குழுவில் கேட்கிறார்கள்.

வகைகளைச் சேர்த்து அட்டவணையைப் புதிதாகக் கட்டினேன். பீடி ஒழிந்தது, மிக்க நன்றி. ஆனால் வேறொன்று நடந்திருக்கிறது. முன்பு ‘கோலாட்டம்’ என்று தேடினால் கிடைத்த பாடல்களில் பாதிக்கு மேல் இப்போது காணவில்லை. திரையில் அந்தப் பாடல்களைத் திறந்து பார்த்தால் ‘கோலாட்டம்’ என்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லையே அங்கிருந்து நகலெடுத்துத் தேடினால், காணாமல் போனவை வருகின்றன. ஏற்கெனவே வந்தவை மறைகின்றன!

---

நிரைநெடுவரிசை

இது முன்பே இருந்த பிழைதான். டோக்கனைசரின் பிழை இதுவரை அதை மறைத்துவைத்திருந்தது. ‘கோ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு வழி. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனி இரு குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. நீங்கள் முன்பு ஒட்டுக்குறிகளை எல்லாம் இடைவெளியாக எண்ணியதால் இரண்டு வடிவமும் ஒரே துண்டுகளாக உடைந்தன. இப்போது குறிகள் சொல்லுக்குள் வந்துவிட்டதால் அவை இரு வேறு சொற்கள் ஆகிவிட்டன. ஒரு பகுதியைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு ஏதாவது மாற்றியின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்தீர்களா? பெரும்பாலும் அங்கிருந்துதான் இது வரும்.

இதற்கு மருந்து ‘என்எஃப்சி’ என்னும் இயல்பாக்கம். இரு குறிகளாக இருப்பதை அது ஒற்றைக் குறியாக்கிவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். எஸ்க்யூஎல்லைட்டில் இதற்கு உள்ளமைந்த செயற்கூறு கிடையாது; பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’ தொகுப்பைக் கொண்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் செய்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பு முதல் ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு உள்ளேயே இருக்கிறது.

இயல்பாக்கம் தொடாத சில சிக்கல்களும் உண்டு. ‘கௌதாரி’ என்பதற்குப் பலர் ஔகாரக் குறியை விட்டுவிட்டு, எகரக் கொம்பும் ளகர எழுத்துமாகத் தட்டுவார்கள். யூனிகோடின் கண்ணில் அது வேறு எழுத்து, சேர்த்துவைக்காது. ‘ஸ்ரீ’யும் அப்படியே. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். சில விசைப்பலகைகள் ‘க்ஷ’ போன்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடைக் குறியை நுழைத்துவிடுகின்றன. அந்தக் குறி சொல்லை வெட்டினாலும் சரி, சொல்லுக்குள் ஒளிந்து நின்றாலும் சரி, பொருத்தம் கிடைக்காது. இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். ளகரத்தை மாற்றும்போது மட்டும் விழிப்பாக இருங்கள். ‘கெளுத்தி’யிலும் ‘தெளிவு’விலும் இருப்பது உண்மையான ளகரம். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடக்கூடாது என்று விதி வைத்து, மீதியை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகே நான் மாற்றினேன்.

---

தாமிரபரணி

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. எஸ்க்யூஎல்லைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத இயலும். ‘வால்’ முறையை (மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை) இயக்கினால் ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். ஆனால் அந்த முறை ஒரே கணினியில் இருப்பவர்களுக்கு மட்டுமே. பிணையப் பகிர்வு அடைவில் கோப்புப் பூட்டுகள் நம்பத்தக்கவை அல்ல என்று அதன் ஆவணங்களே எச்சரிக்கின்றன. பூட்டுப் பிழையோடு போனதே உங்கள் நல்ல காலம். நால்வர் எழுதுவதென்றால் போஸ்ட்கிரெஸோ மைஎஸ்க்யூஎல்லோ போன்ற ஒரு சேவகத் தரவுத்தளம் வேண்டும்.

நான் மைஎஸ்க்யூஎல்லில் வேலை செய்பவன் என்பதால் அதன் பக்கம் ஒரு சொல். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரம்) அட்டவணைகளில் முழு உரை இன்டெக்ஸ் 5.6-ஆம் பதிப்பில் வந்தது. அதில் மூன்று குறிக்குக் குறைவான சொற்கள் முன்னிருப்பாக இன்டெக்ஸில் ஏறாது. ‘பூ’ நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறி. எனவே பூ, தீ, மா, தை, கை எதுவும் கிடைக்காது. நாட்டுப்புறப் பாடலில் பூவும் தையும் இல்லாமல் என்ன தேடுவீர்கள்? குறைந்தபட்ச அளவை மாற்றி, சேவகத்தை மறுபடி தொடங்கி, இன்டெக்ஸையும் மீண்டும் கட்டினால் சரியாகும். இன்னொரு விந்தை: ஒரு பரிவர்த்தனைக்குள் சேர்த்த நிரை, அது உறுதி செய்யப்படும்வரை அதே பரிவர்த்தனையின் முழு உரைத் தேடலுக்கும் தென்படாது. சோதனை நிரல் எழுதும்போது இதனால் ஒரு நாள் முழுதும் திண்டாடியிருக்கிறேன்.

---

நிரைநெடுவரிசை

போஸ்ட்கிரெஸைத் தேர்ந்தெடுத்தால் இந்த முறையில் செய்யலாம்.

முழு உரைத் தேடல் அதன் உள்ளகத்தில் 2008-இல் வெளிவந்த 8.3-ஆம் பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. உரையை ‘டிஎஸ்வெக்டர்’ என்ற வகையாகவும், வினவலை ‘டிஎஸ்குவெரி’ என்ற வகையாகவும் மாற்றி ஒப்பிடும். அதன் டோக்கனைசர் தமிழின் ஒட்டுக்குறிகளைச் சொல்லின் நடுவில் எல்லையாகக் கொள்வதில்லை. அவற்றுக்கென்று ஒரு தனிப் பட்டியலே மூலநிரலில் இருக்கிறது. ஆகவே ‘பாடு’ முழுச் சொல்லாகவே நிற்கும்.

12-ஆம் பதிப்பு முதல் ‘உருவாக்கப்படும் நெடுவரிசை’ என்ற வசதி இருப்பதால், டிஎஸ்வெக்டரை அங்கே சேமித்து அதன்மேல் ‘ஜின்’ இன்டெக்ஸ் (எந்தச் சொல் எந்த நிரைகளில் வருகிறது என்ற பட்டியல்) போட்டுவிட்டால், பாடலைத் திருத்தும்போதெல்லாம் தானாகவே புதுப்பிக்கப்படும். அதில் தேடல் அமைப்பின் பெயரையும் தவறாமல் குறிப்பிட வேண்டும். உரையை மட்டும் கொடுத்தால் முடிவு சேவக அமைப்பைப் பொறுத்து மாறக்கூடியது என்று தரவுத்தளம் மறுத்துவிடும். உருவாக்கப்படும் நெடுவரிசை தன் நிரையை மட்டுமே பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாடியவரின் பெயரும் ஊரும் வேறு அட்டவணைகளில் இருப்பதால், அவற்றையும் ஒரே தேடலில் சேர்க்க விரும்பினால் டிரிகர் (நிரை மாறும்போது தானாக இயங்கும் நிரல்) எழுத வேண்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாடல் வரிகளை முழு உரைத் தேடலிலும், ஊரையும் பாடியவரையும் வழக்கமான இணைப்பு வினவலிலும் வைத்துக்கொண்டால், ஊரின் பெயரைத் திருத்தும்போது நூற்றுக்கணக்கான பாடல்களைத் தொட வேண்டியிருக்காது. உறவுசார் தரவுத்தளத்துக்குள்ளேயே தேடலை வைத்திருப்பதன் பயனே இந்த இரண்டையும் ஒரே வினவலில் சேர்க்க முடிவதுதான்.

ஒரு நிரை என்பது ஒரு பாடலாக இருக்கட்டும். ஒரு டிஎஸ்வெக்டர் 1 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்னும் யூனிகோடு சேமிப்பு முறையில் 3 பைட் பிடிப்பதால், முழு நூலை ஒரே நிரையில் போடுவோர் அந்த வரம்பில் விரைவில் முட்டிக்கொள்வார்கள்.

---

கும்மிக்காரன்

தேடல் அமைப்பு எதைக் கொடுப்பது? பட்டியலில் ‘தமிழ்’ என்றே ஒன்று இருக்கிறதே.

---

நிரைநெடுவரிசை

12-ஆம் பதிப்பில் ஸ்னோபால் என்ற பன்மொழித் தொகுப்பிலிருந்து தமிழ் ஸ்டெம்மர் (சொல்லை வேராகச் சுருக்கும் நிரல்) சேர்ந்தது. நான் அதையே பயன்படுத்துகிறேன். விதிகளின்படி விகுதிகளை வெட்டுவதால் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ போன்றவற்றை ஒரு வேருக்குக் கொண்டுவர முயல்கிறது. வெட்டி எஞ்சியது பொருளுள்ள சொல்லாக இல்லாவிட்டாலும் கவலையில்லை. வினவலும் அதே கத்தியால்தான் வெட்டப்படுகிறது.

---

புள்ளிமயங்கி

இங்கே நான் மாறுபடுகிறேன். அந்த ஸ்டெம்மர் அகராதி எதையும் பார்ப்பதில்லை. எழுத்து நடைக்கான விகுதிகளை அறியும். ‘வந்தாளாம்’, ‘போறியளே’, ‘எங்கண்ணு’ என்று வரும் பாடல் மொழிக்கு அதில் என்ன பிடிமானம் இருக்கிறது? தவறாக வெட்டியது எது என்று பிற்பாடு கண்டுபிடிப்பதும் கடினம். வட்டார வழக்குத் தரவுக்கு ‘சிம்பிள்’ அமைப்பைக் கொடுத்துச் சொல்லை உள்ளபடியே சேமியுங்கள். சொல்வடிவங்களைத் தேடும் நேரத்தில் விரியுங்கள்.

விரிப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்னொட்டுத் தேடல் போதும் என்று நினைத்து, ‘பாட்டு’ என்பதன் இறுதி உகரத்தை எடுத்துவிட்டு ‘பாட்ட’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் கேட்டால், பாட்டை, பாட்டில், பாட்டும் ஆகியவற்றோடு பாட்டியும் வந்து உட்கார்ந்துகொள்வார். ‘குளம்’ என்பதைக் ‘குள’ என்று சுருக்கினால் குளவியும் குளிரும் வரும். எனவே நம் புணர்ச்சி விதியையே பயன்படுத்துங்கள். மகர இறுதிச் சொல்லுக்கு ‘குளம’, ‘குளத்த’, ‘குளங்க’ என்ற மூன்று முன்னொட்டுகளை ‘அல்லது’ போட்டுச் சேர்த்தால் குளமும், குளத்தில், குளத்துக்கு, குளங்கள் எல்லாம் அடங்கும், குளவி வராது. ‘வீடு’, ‘ஆறு’ போன்றவற்றுக்கு அந்தச் சொல்லோடு ‘வீட்ட’, ‘ஆற்ற’ என்று இரட்டித்த வடிவத்தையும் சேருங்கள். பத்துப் பதினைந்து விதிகளில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். வினைச்சொல்லுக்கு இது போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

நிரைநெடுவரிசை

பாடல் மொழிக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். நான் வைத்திருப்பது பத்திரிகைக் கட்டுரைகள். அங்கே ஸ்டெம்மர் எனக்கு உழைக்கிறது. முன்னொட்டு வழியில் போவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயனர் தட்டியதை நேரே ‘டுடிஎஸ்குவெரி’ என்ற, வினவலாக மாற்றும் செயற்கூறிடம் கொடுத்தால், இடையில் ஒரு வெற்றிடம் இருந்தாலே தொடரியல் பிழை என்று நின்றுவிடும். அதன் ‘வெப்சர்ச்’ வடிவம் எதைக் கொடுத்தாலும் பிழை தராது, ஆனால் அதில் முன்னொட்டுத் தேடல் கிடையாது. எனவே சொற்களை நிரலில் பிரித்து, சிறப்புக் குறிகளை நீக்கி, வினவலை நீங்களே கட்ட வேண்டும்.

தர வரிசையிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எஃப்டிஎஸ்5-இல் உள்ள ‘பிஎம்25’, ஒரு சொல் தொகுப்பு முழுவதிலும் எவ்வளவு அரிதானது என்று பார்த்து மதிப்பெண் இடும். போஸ்ட்கிரெஸின் ‘டிஎஸ்ரேங்க்’ அந்தந்த ஆவணத்தை மட்டுமே பார்க்கும். ‘அத்தை’ எல்லாப் பாடலிலும் வந்து ‘கௌதாரி’ இரண்டில் மட்டும் வந்தாலும் இரண்டு சொல்லுக்கும் அது ஒரே மதிப்பைத்தான் தரும். பாடலின் தலைப்புக்கு ‘ஏ’ எடையும் வரிகளுக்கு ‘டி’ எடையும் கொடுத்தால் ஓரளவு சரிக்கட்டலாம்.

---

தாமிரபரணி

‘ஆராரோ’, ‘ஆராரிரோ’, ‘ஆரிரரோ’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பீர்களே, அதை எந்த விதியால் பிடிப்பீர்கள்?

---

புள்ளிமயங்கி

அதற்கு விதி வேண்டாம். போஸ்ட்கிரெஸின் ‘பிஜிடிரிக்ரம்’ நீட்சி சொல்லை மூன்று மூன்று குறிகளாகத் துண்டாக்கி, எத்தனை துண்டுகள் ஒத்துப்போகின்றன என்று பார்க்கும். அதன் இன்டெக்ஸ், பழையகணினி ஐயாவின் ‘லைக்’ வினவலையும் விரைவாக்கும். தரவுத்தளத்தை ‘சி’ லொக்கேலில் (ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாக அறியும் மொழி அமைப்பில்) உருவாக்கியிருந்தால் தமிழ்ச் சொல்லிலிருந்து ஒரு துண்டுகூடக் கிடைக்காமல் போகலாம். ஆகவே ஏற்றும் முன் ஒரு சொல்லைக் கொடுத்துத் துண்டுகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

---

கும்மிக்காரன்

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிட்டோம், பூட்டுப் பிழை இல்லை. என்எஃப்சி இயல்பாக்கம், மாற்றுப் பட்டியல், ‘சிம்பிள்’ அமைப்பு, முன்னொட்டு விதிகள் எல்லாம் செய்தாயிற்று. கோலாட்டம் முழுதாகக் கிடைக்கிறது. இன்னும் ஒன்றுதான் உறுத்துகிறது. மேற்கோள் குறிக்குள் ‘வண்டியை கட்டி’ என்று முழுத் தொடராகத் தேடினால், ‘வண்டியைக் கட்டி’ என்று ஒற்று மிகுந்து எழுதிய பாடல்கள் வருவதில்லை. எங்களில் இருவர் ஒற்றுப் போடுவார்கள், இருவர் போடமாட்டார்கள்.

---

புள்ளிமயங்கி

இதற்கு இலக்கணமே வழி விட்டிருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. எனவே சொல்லின் இறுதியில் க், ச், த், ப் என்று நின்றால் அது அடுத்த சொல்லுக்காக மிகுந்த ஒற்றுதான். உருவாக்கப்படும் நெடுவரிசையில், டிஎஸ்வெக்டராக மாற்றும் முன், இடைவெளிக்கு முன்னால் நிற்கும் அந்த நான்கு மெய்களையும் நீக்கிவிடுங்கள். வினவலிலும் அதையே செய்யுங்கள். ‘மார்க்’, ‘பேங்க்’ போன்ற கடன்சொற்களின் வாலும் வெட்டுப்படும். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே வெட்டுப்படுவதால் அவையும் கிடைக்கும். மூலப் பாடலின் நெடுவரிசையை மட்டும் தொடாதீர்கள்.

---

கும்மிக்காரன்

செய்துவிட்டேன், வருகிறது. ‘வண்டியைக் கட்டி’ பதினொரு பாடல்களில் இருக்கிறது. முன்பு நான்குதான் காட்டியது.